மொழுக்குச் சொடக்கும் சுணைச் சொடக்கும்

கேள்வி, அக்டோபர் 22 காலை

பல்லடம் பக்கமுங்க. மக்காச்சோளக் காட்டு வரப்பில் ரெண்டு விதமாகச் சொடக்குத் தக்காளி நிற்கிறது. ஒன்று இடுப்புக்கு வருகிறது, தண்டு மொழுமொழுவென்று இருக்கிறது. இன்னொன்று முழங்காலுக்கே எட்டவில்லை, தரையோடு பரத்திக் கிடக்கிறது, தொட்டால் சுணை. ரெண்டிலும் காயை மூடிய பலூன் உண்டு. எங்கள் ஆத்தா "ரெண்டும் ஒண்ணுதான், தண்ணி கண்டது வளந்திருக்குது, காணாதது குறுகிக் கெடக்குது" என்கிறார். நான் வேறு வேறு செடி என்கிறேன். பந்தயம் ஒரு கிலோ கறி. யார் சொல்வது சரி?

பதில், அக்டோபர் 22 இரவு

ஆத்தாவுக்குத் தோல்வி, கறி எடுக்கச் சொல்லுங்கள். உயரமானது ஃபைசாலிஸ் அங்குலாட்டா, சுணை உள்ளது ஃபைசாலிஸ் மினிமா. ரெண்டுக்கும் பேர் வைத்தது லின்னேயஸ் என்ற சுவீடன் தாவரவியலாளர், 1753இல், ஒரே புத்தகத்தில். அங்குலாட்டா என்றால் கோணம் உள்ளது, தண்டை விரலுக்கிடையில் உருட்டினால் முனை தட்டுப்படும். மினிமா என்றால் மிகச் சிறியது. பேரிலேயே விடை இருக்கிறது, இதற்கு மேல் என்ன வேண்டும்?

நம்ம ஊரில் ரெண்டையும் சொடக்குத் தக்காளி என்றே சொல்லிவிட்டுப் போவதால், வசதிக்கு ஒன்றை மொழுக்கன், இன்னொன்றைச் சுணையன் என்று வைத்துக்கொள்கிறேன்.

அக்டோபர் 23

நேற்று எழுதியது கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம். இன்றைக்கு எங்கள் மஞ்சள் காட்டில் களைவெட்டு. (அறச்சலூர் பக்கம், கீழ்பவானி வாய்க்கால் பாசனம்.) ஆள்கள் காப்பி குடிக்க உட்கார்ந்த நேரத்தில் வரப்பில் நின்ற மொழுக்கன் ஒன்றைப் பிடுங்கி, பூச்சி பார்க்க வைத்திருக்கும் லென்ஸில் பார்த்தேன். கொழுந்திலும் இளந்தண்டிலும் முடி இருக்கிறது. குட்டி முடி, தண்டோடு ஒட்டிப் படுத்துக் கிடக்கிறது, கைக்குத் தெரியவே தெரியாது. சுணையனில் முடி நிமிர்ந்து நிற்கிறது, தண்டை வெயிலுக்கு எதிராகப் பிடித்தால் ஓரம் முழுக்க வெள்ளையாக ஒரு கோடு ஓடுகிறது. அதனால் முடி இருக்கிறதா என்று கேட்டுப் பிரயோசனமில்லை. படுத்திருக்கிறதா, நிற்கிறதா என்று பார்க்க வேண்டும்.

தண்டுக் கோணம் சுணையனிலும் தட்டுப்பட்டது. அதையும் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

அக்டோபர் 29, ஞாயிறு

பூவைப் பார்க்கலாம் என்று காலை ஆறரைக்கே போனால் எல்லாம் மூடிக் கிடக்கிறது. வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டு ஒன்பதரைக்குத் திரும்பப் போனேன், அப்போதுதான் விரிந்திருந்தது. இந்தப் பூ நிமிர்ந்து பார்க்காது. இலைக்கு அடியில் தலையைக் கவிழ்த்துத் தொங்கும், சட்டைப் பொத்தான் அளவுதான். மண்டி போட்டு உட்கார்ந்து, ஒரு விரலால் தாடையைத் தூக்குகிற மாதிரி தூக்கித்தான் உள்ளே பார்க்க வேண்டும். ரோட்டில் போன பால்காரர் வண்டியை நிறுத்தி "ஏனுங்க, மோதிரம் ஏதும் விழுந்திருச்சுங்களா" என்று கேட்டார்.

புத்தகங்களில் பொதுவாகச் சொல்லும் வித்தியாசம் மகரந்தப்பையின் நிறம். மொழுக்கனுக்கு நீலம், சுணையனுக்கு மஞ்சள். எனக்கு முதலில் கிடைத்த மொழுக்கன் பூவில் மஞ்சள் தெரிந்தது, சரி, புத்தகம் பொய் என்று எழுந்துவிட்டேன். பக்கத்துக் கிளையில் அப்போதுதான் அவிழ்ந்த பூ ஒன்று. அதில் ஐந்து பையும் மூடியபடி, நீலம் அதிகமாகப் போட்டுவிட்ட வேட்டியின் நிறத்தில் இருந்தன. முதல் பூவில் பை வெடித்து மகரந்தம் மேலே அப்பியிருந்திருக்கிறது, அவ்வளவுதான். சுணையனில் பூ இன்னும் சின்னது. நான் ஸ்கேல் வைத்துப் பார்த்த ஐந்தாறு பூவும் 5 மில்லிமீட்டரை ஒட்டியே இருந்தன. அதில் மூடிய பையே மஞ்சள். ஆகவே அன்றைக்கு அவிழ்ந்த பூவில், பை வெடிக்கும் முன்னால் பாருங்கள். சாயங்காலம் பார்த்துவிட்டு என்னோடு சண்டைக்கு வர வேண்டாம்.

அப்புறம், ஆத்தாவின் தண்ணீர்க் கணக்கை வாயால் மறுத்தால் போதாது என்று தோன்றியது. ரெண்டிலும் பழுத்து உதிர்ந்த பழம் பொறுக்கி விதை பிழிந்து, காலி பெயின்ட் வாளி நாலில் ஊன்றியிருக்கிறேன். மொழுக்கன் ரெண்டு வாளி, சுணையன் ரெண்டு வாளி. முளைத்த பிறகு ஒவ்வொன்றிலும் ஒரு வாளிக்குத் தினம் தண்ணீர், இன்னொன்றுக்கு வாடினால் மட்டும்.

அக்டோபர் 30

பலூனில் நரம்பு எத்தனை என்று எண்ணச் சொன்னவருக்கு: எண்ணினேன். மொழுக்கனில் பத்து, சுணையனில் பத்து. மொழுக்கனில் நரம்பு பல செடிகளில் ஊதா ஓடியிருக்கிறது, பார்க்க அழகு, ஆனால் நிழலில் நின்ற செடியில் வெறும் பச்சை. இதை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது.

நவம்பர் 5

மழை விடாமல் தூறுகிறது, காட்டில் இறங்க முடியவில்லை, பழைய கதை எழுதுகிறேன்.

நாங்கள் பள்ளிக்கூடம் போன வழி ஒரு இட்டேரி. ரெண்டு பக்கமும் கிளுவை வேலி, வேலியோரம் ஐப்பசி கார்த்திகையில் சொடக்குத் தக்காளி மண்டிக்கிடக்கும். பச்சைப் பலூனைக் காம்போடு பறித்து, வாய்ப் பக்கத்தை விரலால் இறுக்கிப் பிடித்து, நெற்றியில் ஓங்கி ஒரு அடி. டப். யார் நெற்றியில் என்பதுதான் விளையாட்டு. தன் நெற்றியில் அடித்துக்கொள்வது சின்னப் பையன்கள் வேலை. முன்னால் போகிறவனின் பின்மண்டை என்றால் அது வீரம். பெரிய பலூனில் சத்தம் மந்தமாகத்தான் வரும், காற்று தளர்ந்திருக்கும். விறைப்பாக உப்பிய சின்னதுதான் படீரென்று வெடிக்கும். இப்போது யோசித்தால் அந்தச் சின்னது சுணையனாக இருந்திருக்க வேண்டும். சும்மா சொல்லவில்லை, அந்தச் செடியைப் பறித்த கை அரிக்கும், கால்சட்டையில் துடைப்போம்.

அதே இட்டேரியில்தான் எனக்குப் பட்டறிவும் வந்தது. மூன்றாவது படிக்கும்போது பலூனை உடைத்த கையோடு உள்ளே இருந்த பச்சைக் காயை ஒரு பந்தயத்துக்காக இருபது முப்பது தின்றேன். ராத்திரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டேன், ரெண்டு தரம் வாந்தி. அமுச்சி (அம்மாவின் அம்மா) வீட்டில் இருந்தோம். அவர் வைத்தியம் எல்லாம் பார்க்கவில்லை, முதுகில் ரெண்டு வைத்து, "கூடு காஞ்சு தானா கீழ விழுந்ததைத்தான் திங்கோணும், செடியில இருக்கிறதைத் தொடக்கூடாது" என்றார். கத்தரி, உருளைக் குடும்பம் இது. இலையிலும் பச்சைக் காயிலும் நச்சுச் சத்து உண்டு, பழுத்தால்தான் தின்னலாம். அமுச்சி சொன்னதில் இன்று வரைக்கும் ஒரு எழுத்து மாற்ற வேண்டியதில்லை.

நவம்பர் 6

முடக்கத்தானையும் இப்படி வெடிப்பீர்களா என்று கேட்டவருக்கு: ஆமாம், முடக்கத்தான் காயையும் வெடிப்போம். அது வேற குடும்பம், மூணு பட்டை, கொடி. அதை இங்கே இழுக்க வேண்டாம்.

நவம்பர் 14

தீபாவளிக்குக் கோத்தகிரி மச்சான் வந்திருந்தான். என் பெயின்ட் வாளியைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "மாமா, இதுக்கா இந்தப் பாடு, எங்க வேலியில குப்பையா நிக்குது" என்று கைபேசியில் படம் காட்டினான். பெரிய இலை, செடி முழுக்க வெல்வெட் மாதிரி முடி, மஞ்சள் பூவுக்குள் கறுத்த திட்டு ஐந்து. முடி நிற்கிறதே, அப்போது சுணையன் மலையில் இவ்வளவு பெரிதாக வருமோ என்று ஒரு நாள் முழுக்கக் குழம்பினேன். இல்லை. அது மூன்றாவது ஆள், ஃபைசாலிஸ் பெருவியானா, கடைகளில் கோல்டன் பெர்ரி என்று டப்பாவில் விற்கிறார்களே, அதேதான். தென்னமெரிக்க மலைநாட்டுச் செடி. நன்னம்பிக்கை முனைப் பக்கம் பயிர் செய்ததால் இங்கிலீஷ்காரர்கள் அதற்குக் கேப் கூஸ்பெர்ரி என்று பேர் வைத்தார்கள், நெல்லிக்காய்க்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நம்முடையது ரெண்டும் ஒரு பருவத்தோடு காய்ந்துபோகும். அது வருஷக்கணக்கில் நிற்கும்.

அதனால் அக்டோபர் 23இல் எழுதியதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: முடி நிற்கிறது, பூ பெரிது, உள்ளே கரும்புள்ளி என்றால் சுணையன் அல்ல.

நவம்பர் 19

ஒருவர் கேட்டிருக்கிறார், தக்காளி என்கிற பேர் இந்தக் களைச்செடிக்கு எப்படி வந்தது, தக்காளி மாதிரி இருப்பதாலா என்று. தலைகீழ். நாம் ரசத்தில் போடும் தக்காளி அமெரிக்காவிலிருந்து வந்தது, எங்கள் வீட்டு ஆத்தா (பந்தயம் கட்டிய ஆத்தா அல்ல) சாகும் வரைக்கும் அதைச் சீமைத் தக்காளி என்றுதான் சொன்னார். சீமைத் தக்காளி என்று ஒன்று இருந்தால் நாட்டுத் தக்காளி என்று முன்பே ஒன்று இருந்திருக்க வேண்டுமல்லவா? அதுதான் நம்ம சொடக்கு. வந்தவன் பட்டாவை எழுதி வாங்கிக்கொண்டான், இருந்தவனுக்கு அடைமொழி ஒட்டிவிட்டோம்.

நவம்பர் 20

நேற்று எழுதியதில் பாதி ஆட்டம் காண்கிறது. ராத்திரி தூக்கம் வராமல் யோசித்தேன். ஃபைசாலிஸ் பேரினத்தில் எழுபத்தைந்திலிருந்து தொண்ணூறு இனம் வரைக்கும் சொல்கிறார்கள், கிட்டத்தட்ட எல்லாமே அமெரிக்கக் கண்டத்துச் சொந்தம். மொழுக்கன் அங்கிருந்து வந்தவன் என்பதில் தகராறே இல்லை. அப்படியானால் சொடக்கும் சீமைச் சரக்குதானே? நாட்டுத் தக்காளி என்ற இடத்தில் உட்காரத் தகுதி உள்ளது மணத்தக்காளிதான், நம்ம பக்கத்துச் சுக்குட்டிக் கீரை. பட்டா அதன் பேரில் இருந்தது போலிருக்கிறது. சொடக்கு இடையில் வந்து குடியேறிய ஆள்.

பாலக்காட்டு நண்பர் ஒருவர் எழுதியதைப் படித்ததும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். மலையாளத்தில் இதற்கு ஞொட்டாஞொடியன் என்று பேராம். ஞொட்டை, ஞொடி எல்லாம் விரல் சொடுக்குகிற சத்தம். கணவாய்க்கு அந்தப் பக்கமும் பிள்ளைகள் இதே வேலையைத்தான் செய்திருக்கிறார்கள்! டச்சுக்காரர் வான் ரீட் 1678 முதல் 1693 வரை பன்னிரண்டு தொகுதியாகப் போட்ட ஹோர்ட்டுஸ் மலபாரிக்குஸ் என்ற மலபார்ச் செடிப் புத்தகத்தில், பத்தாவது தொகுதியில், இந்தப் பேரோடு செடியின் படமே இருக்கிறது. லின்னேயஸ் மினிமா என்று பேர் வைத்தபோது கையில் வைத்திருந்த ஆதாரங்களில் அதுவும் ஒன்று. ஆக முந்நூறு வருஷத்துக்கு மேலாக இந்தப் பக்கம் வேரூன்றியாயிற்று, பிள்ளைகளும் பேர் வைத்தாயிற்று. வந்தேறி என்று இனிமேல் யார் சொல்வது? நம் மிளகாயும் அதே கப்பல்தான்.

இன்னொன்று, பேச்சு வந்ததால். அர்ஜென்டினாவின் படகோனியாவில் இந்தப் பலூனே கல்லில் பதிந்து கிடைத்திருக்கிறது, 2017இல் அறிவித்தார்கள். வயது 5 கோடியே 20 லட்சம் ஆண்டு. நரம்பு கூடத் தெரிகிறது. இன்றைக்கு வரப்பில் கிடக்கிற காய்ந்த கூட்டைப் பக்கத்தில் வைத்தால் அண்ணன் தம்பி என்று சொல்லிவிடலாம்.

நவம்பர் 21

கூடு மிதக்குமா என்று கேட்டவருக்கு: வாய்க்காலில் பழத்தோடு ஐந்து விட்டுப் பார்த்தேன். ஐந்தும் மிதந்துகொண்டே மதகைத் தாண்டிப் போய்விட்டன. எங்கள் காட்டில் வாய்க்கால் கரையோரம்தான் மொழுக்கன் அதிகம், காரணம் இதுவாகவும் இருக்கலாம். பின்னால் ஓடிப் பார்க்க முட்டி இடம் தரவில்லை.

டிசம்பர் 3

வாளி நிலவரம். பத்து நாளில் முளைத்தன, ஆளுக்கு ஒன்றை விட்டுவிட்டு மற்றதைக் கிள்ளிவிட்டேன். போன வாரம் சுணையன் வாளி ஒன்றில் இலை சல்லடையாகிவிட்டது. புள்ளி வண்டு, கத்தரியில் வருமே, இருபத்தெட்டுப் புள்ளி. அரை மணி நேரம் பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போட்டேன். களைச்செடிக்குப் பூச்சி பொறுக்குகிற ஆள் இந்தப் பஞ்சாயத்திலேயே நான் ஒருவன்தான் என்று வீட்டில் அர்ச்சனை.

கத்தரி, தக்காளி போடுகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. உங்கள் வரப்பில் இந்தச் செடி நின்றால் அதே வண்டு, அதே வெள்ளை ஈ, அதே காய்ப்புழு அங்கே குடித்தனம் நடத்தும். எனக்கு ஆசைதான், ஆனால் தக்காளிக் காட்டோரம் வளர்க்கச் சொல்லமாட்டேன்.

டிசம்பர் 17

ருசி. இதைப் பற்றி யாருமே கேட்கவில்லை, ஆச்சரியமாக இருக்கிறது.

காய்ந்து வைக்கோல் நிறமாகிக் கீழே விழுந்த கூடு பத்துப் பதினைந்து பொறுக்கினேன், ரெண்டு வகையிலும். சில கூடுகளில் தாள் போன்ற தோல் மக்கிப்போய் நரம்பு மட்டும் சல்லாத்துணி மாதிரி நிற்கிறது, உள்ளே பழம் சிறை வைத்தது போல. மொழுக்கன் பழம் சுண்டைக்காயை விடக் கொஞ்சம் பெரிது, பசுமஞ்சள், முதலில் இனிப்பு, அப்புறம் புளிப்பு, கடைசியில் தொண்டையில் மெல்லிய கசப்பு நின்றது. சுணையன் பழம் அதில் பாதி. கசப்புக் குறைவு, புளிப்பும் குறைவு, மென்று பார்த்தால் விதைதான் அதிகம். என் ஓட்டு மொழுக்கனுக்கு. மகள் சுணையன்தான் நன்றாக இருக்கிறது என்கிறாள், ஆனால் அவள் நெல்லிக்காயையே உப்பில்லாமல் தின்கிறவள்.

மொழுக்கன் பழத்தில் உப்பு மிளகாய் போட்டு அம்மியில் நசுக்கினால் தயிர்ச்சோற்றுக்குப் போதும். அளவு கிடைக்காது, அதுதான் கஷ்டம். நூறு பொறுக்கினால் ஒரு கரண்டி வரும்.

டிசம்பர் 18

சர்க்கரைக்கு நல்லதா, கட்டிக்கு நல்லதா, இலையைக் கஷாயம் வைக்கலாமா என்று ஒரே நாளில் நாலு பேர். மொழுக்கனில் பைசாலின் என்ற கசப்புச் சத்துகள் இருக்கின்றன, ஆய்வுக்கூடங்களில் அதைப் பற்றி நிறைய வேலை நடக்கிறது, உண்மை. ஆய்வுக்கூடத்துக் குப்பியில் நடப்பதும் உங்கள் வீட்டு டம்ளரில் நடப்பதும் ஒன்றல்ல. இலையைக் குடிக்காதீர்கள். இருபது பச்சைக் காய்க்கு நான் பட்ட பாட்டை மேலே எழுதியிருக்கிறேன்.

வேலியில் சிவப்புப் பழத்தோடு சின்னக் கூடு உள்ள செடியைப் படம் எடுத்துப் போட்டவருக்கு: ஐயா, அது சொடக்கே இல்லை. அமுக்கிரா. அசுவகந்தா என்று வேரை விற்பார்களே, அது. செடி குத்துச்செடியாக நிற்கும், சாம்பல் பூத்த மாதிரி இருக்கும். அந்தப் பழத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடாதீர்கள். கூடு பார்த்தாலே சொடக்கு என்று நினைக்கிற பழக்கத்துக்கு நானும் ஒரு காரணமோ என்று உறுத்துகிறது.

ஜனவரி 7

முடிவு வந்துவிட்டது, ஆனால் நான் எதிர்பார்த்த முடிவு அல்ல.

தினம் தண்ணீர் குடித்த மொழுக்கன் ரெண்டேகால் அடி. காய்ந்த வாளி மொழுக்கன் ஒரு சாண், கிளை எல்லாம் வாளி விளிம்பில் சாய்ந்து படுத்துவிட்டது. தண்ணீர் குடித்த சுணையன் ஒன்றரை அடி நிமிர்ந்து நிற்கிறது. காய்ந்த சுணையன் உள்ளங்கை அகலம், அதிலும் ஆறு பலூன்! அதாவது நல்லாச் சாப்பிட்ட சுணையன் பட்டினி மொழுக்கனை விட உயரம். உயரத்தையும் பரத்தலையும் வைத்துப் பிரிக்கவே முடியாது, ஆத்தா சொன்ன தண்ணீர்க் கணக்கு அந்த அளவில் சரி. முதல் நாள் "பேரிலேயே விடை இருக்கிறது" என்று எழுதியவனை இப்போது பார்த்தால் எனக்கே கோபம் வருகிறது. ஆனால் முடி மாறவில்லை. காய்ந்த மொழுக்கன் காய்ந்த மொழுக்கனாகத்தான் இருக்கிறான், ஒரு சுணைகூட நிற்கவில்லை. பூவிலும் பை நிறம் அப்படியே.

இதோடு நிறுத்தியிருக்கலாம். பேரைச் சரிபார்க்கப் போய் மாட்டிக்கொண்டேன். இப்போது தாவரவியலாளர்களில் ஒரு சாரார் மினிமா என்ற பேரையே அங்குலாட்டாவுக்குள் அடக்கிவிட்டார்கள். சின்னப்பூச் செடிக்கு ஃபைசாலிஸ் லாகாஸ்கே என்ற பேரைப் போடுகிறார்கள். நம்ம நாட்டுப் புத்தகங்கள் பலவற்றில் இன்னும் மினிமாதான். அந்தக் கணக்குப்படி அங்குலாட்டாவும் மினிமாவும் ஒன்றேதான், ஆத்தாவுக்குத்தான் கறி. வரப்பில் போய் நின்றால் ரெண்டு செடி, பேரனுக்குத்தான் கறி. ஆளுக்கு அரைக் கிலோ என்று முடித்துக்கொள்ளுங்கள், எனக்கு ஈரலில் ஒரு பங்கு.

ஜனவரி 9

ஆத்தா ஒத்துக்கொள்ளவில்லையாம். "புஸ்தகத்துல ஒண்ணுன்னு போட்டிருக்கான்ல, அப்புறம் என்ன அரைக் கிலோ" என்கிறாராம். அவரிடம் நான் பேச மாட்டேன்.

ஜனவரி 21

பொங்கல் கழிந்து மஞ்சளுக்குக் கடைசிக் களைவெட்டு. நான் ஈரோடு போயிருந்தேன், சொல்லிவிட்டுப் போக மறந்துவிட்டேன். வந்து பார்த்தால் வரப்பு சுத்தம், சுணையன் ஒன்றுகூட இல்லை, குவியலாக வெட்டிப் போட்டது வெயிலில் கருகிக் கிடக்கிறது. கிளறிப் பார்த்து முழுசாக இருந்த கூடு பதினோரு எண்ணம் எடுத்தேன். வாய்க்கால் கரையில் மொழுக்கன் அப்படியே நிற்கிறான், அங்கே கொத்து போகவில்லை. வாளி நாலும் திண்ணை ஓரம் இருக்கின்றன. விதை கேட்ட மூன்று பேருக்கும் காகிதத்தில் மடித்து வைத்திருக்கிறேன், ரெண்டையும் தனித்தனியாக, பேர் எழுதி. பேர் என்றால் மொழுக்கு, சுணை என்றுதான் எழுதியிருக்கிறேன்.